நிலைத்த சப்ளை செயின்: கம்பெனிகள் எங்கே, எப்படி முடிவெடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பனியன் கடைக்கு வருவதற்குள் பருத்திக்காடு, ஜின்னிங், ஸ்பின்னிங் மில், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங் என்று பல கை மாறுகிறது. இந்த வழியில் ஆற்றையும் கெடுக்காமல், ஆளையும் வதைக்காமல் சரக்கு வாங்குவதைப் பற்றி மாணவர்கள், புதிதாக ஏற்றுமதிக்கு வருபவர்கள், சின்ன யூனிட் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஆடைத் தொழிலை, அதிலும் பெரும்பாலும் திருப்பூரை வைத்தே சொல்கிறேன்.

‘நிலைத்த சப்ளை செயின்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

தண்ணீர், கரி (கார்பன்) உமிழ்வு, ரசாயனம் என்று சுற்றுச்சூழல் ஒரு பக்கம். கூலி, வேலை நேரம், பாதுகாப்பு, சங்கம் வைக்கும் உரிமை என்று தொழிலாளர் நிலை இன்னொரு பக்கம். சப்ளையர் நஷ்டப்படாமல் தொழில் நடத்த முடிகிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நஷ்டத்தில் ஓடும் யூனிட்டில் முதல் இரண்டும் நிற்காது.

கம்பெனிக்குள் இந்த முடிவை எடுப்பது யார்?

அறிக்கைகளில் பார்த்தால் இயக்குநர் குழு, அதற்கென ஒரு கமிட்டி, அதன் கீழே ஒரு துறை என்று இருக்கும். அது பொய்யில்லை. கொள்கை அங்கேதான் எழுதப்படுகிறது. ஆனால் தினசரி முடிவு வாங்கும் பிரிவில் நடக்கிறது. எந்த சப்ளையருக்கு ஆர்டர், என்ன விலை, எந்தத் தேதிக்குள் சரக்கு கப்பலேற வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள்.

ஓவர்டைமை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று பையரின், அதாவது சரக்கு வாங்கும் பிராண்டின், நடத்தை விதியில் இருக்கும். அதே பையரின் ஆபீசில் சாம்பிள் அப்ரூவல் பத்து நாள் தள்ளிப்போகும், கலர் ஒருமுறை மாறும், பிரிண்ட் ஒருமுறை மாறும். ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது. தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு சப்ளையர் தலையில் விழும். அப்புறம் யூனிட்டில் நைட் ஷிப்ட் ஓடாமல் என்ன செய்யும்? விதியை எழுதியவருக்கும் தேதியை எழுதியவருக்கும் ஒரே கம்பெனிதான் சம்பளம் கொடுக்கிறது, இருவரும் கலந்து பேசுவது மட்டும் அபூர்வம்.

அதனால் ஒரு கம்பெனி உண்மையாகவே இதில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: மலிவு விலை சொல்லும் ஒரு சப்ளையரை, சுற்றுச்சூழல் அல்லது தொழிலாளர் காரணம் காட்டி ‘வேண்டாம்’ என்று நிறுத்தும் அதிகாரம் அங்கே யாருக்கு இருக்கிறது? அப்படி ஒருவர் இருந்தால், வாங்கும் பிரிவின் ஊக்கத்தொகையும் விலைக்குறைப்பை மட்டும் வைத்துக் கணக்கிடப்படாமல் இருந்தால், அது நல்ல அறிகுறி.

நூற்றுக்கணக்கில் சப்ளையர் இருந்தால் யாரை முதலில் கவனிப்பார்கள்?

பழைய வழக்கம், அதிகப் பணம் போகும் சப்ளையரை முதலில் பார்ப்பது. ஐக்கிய நாடுகள் சபை 2011இல் ஏற்ற வணிகம், மனித உரிமை பற்றிய வழிகாட்டு நெறிகளும், ஆடைத் தொழிலுக்கென்று ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பு) 2017இல் தந்த வழிகாட்டியும் வேறு முறை சொல்கின்றன. தீங்கு எவ்வளவு கடுமையானது, எத்தனை பேரைத் தொடும், திரும்பச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்து வரிசைப்படுத்தச் சொல்கின்றன. இப்படிப் பார்த்தால் பெரிய தையல் யூனிட்டை விட, கம்பெனி பெயர்கூட அறியாத ஒரு சின்னச் சாயப்பட்டறை பட்டியலில் மேலே வந்துவிடும்.

எது ஒரு கம்பெனியை இதற்குள் தள்ளுகிறது?

பெரும்பாலும் சட்டம், வழக்கு, அல்லது விபத்து. நுகர்வோர் விழிப்புணர்வும் ஒரு காரணம்தான், ஆனால் அது தனியாக நின்று பெரிய மாற்றம் கொண்டுவந்தது குறைவு.

வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்து, கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படும் ஓர் ஒப்பந்தம் போடலாம் என்ற வரைவு அதற்கு முன்பே மேசையில் இருந்தது. 2012இல் அதில் கையெழுத்திட்டவை பிவிஎச், சிபோ என்ற இரண்டே நிறுவனங்கள். கட்டடம் இடிந்த சில வாரங்களில் பல டஜன் நிறுவனங்கள் கையெழுத்திட்டன, பிறகு அது இருநூறைத் தாண்டியது. அதே வரைவு ஒரு வருடம் முன்பே நடைமுறைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் மனம் தாங்கவில்லை.

திருப்பூர் சாயக்கழிவு விஷயத்தில் முடிவெடுத்தது யார்? பையரா, முதலாளியா, அரசா?

விவசாயிகள் தொடுத்த வழக்கும் நீதிமன்றமும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி பெருகிய எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். ஆழ்ந்த நிறம் என்றால் இன்னும் கூடுதல். அந்த உப்பு துணியில் தங்காது, முழுவதும் கழிவுநீரோடு வெளியே வரும். நிறத்தைப் பிரித்தெடுக்கலாம், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பில் எடுக்க முடியாது. அதனால் முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடியபோதும் உப்பு ஆற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களில் சாயநீர் தேங்கும் இடமானது. ஒரத்துப்பாளையம், ஆத்துப்பாளையம் அணைகளை நம்பி ஈரோடு, கரூர் பக்கம் ஏறத்தாழ 20,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தது. கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ந்தது, தனக்காகக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயியே போராடும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை அடையக் கெடு விதித்தது. அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதமும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. கெடு பலமுறை கடந்த பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயமேற வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது, வேலை இழந்தவர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த உதவியது. ஒவ்வொன்றாக ஜீரோ டிஸ்சார்ஜ் எட்டித் திரும்ப ஓடத் தொடங்கின.

இத்தனை வருடமும் திருப்பூர்த் துணி ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பையர் யாரும் ஆற்றைப் பார்த்து ஆர்டரை நிறுத்தியதால் இந்த மாற்றம் வரவில்லை. இன்று அதே பையர்கள் தங்கள் அறிக்கையில் திருப்பூரின் தண்ணீர் மறுசுழற்சியைப் பெருமையாகச் சொல்லலாம், ஆனால் அதற்கான விலையைக் கட்டியவர்கள் பட்டறைக்காரர்களும் தொழிலாளர்களும், எல்லோருக்கும் முன்பே கட்டியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகளும்.

ஜீரோ டிஸ்சார்ஜ் வந்ததும் பிரச்சினை முடிந்துவிட்டதா?

ஆறு சம்பந்தப்பட்ட வரையில் பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் சுமை ஏறும் என்பதற்கும் இதுவே சாட்சி. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீர் பிரிக்கிறார்கள். மிஞ்சும் அடர் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து உப்பை எடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதி திரும்பவும் சாயமேற்ற உதவும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும். பம்புக்கு மின்சாரம் வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். ஆக, தண்ணீரைக் காப்பாற்ற கரி உமிழ்வு கூடுகிறது.

இப்போது ஒரு பிராண்ட் வந்து ‘2030க்குள் உமிழ்வைப் பாதியாக்கு’ என்கிறது என்று வையுங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் இல்லாத ஊரில் சாயமேற்றினால் உமிழ்வுக் கணக்கு குறைவாகவே வரும். வெறும் கரிக்கணக்கை மட்டும் பார்த்து வாங்கினால், ஆற்றில் விடுபவனுக்கு ஆர்டர் போகும். நல்ல முடிவு எடுக்கும் கம்பெனி இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும். காற்றாலை, சூரிய மின்சாரம், உப்பும் தண்ணீரும் குறைவாகக் கேட்கும் சாயமுறை ஆகியவற்றுக்கு சப்ளையரோடு சேர்ந்து முதலீடு செய்யும். திருப்பூர் முதலாளிகள் பலர் காற்றாலையில் முன்பே பணம் போட்டிருப்பது இங்கே கை கொடுக்கிறது.

இதற்கெல்லாம் செலவு யார் தருகிறார்கள்?

சங்கடமான கேள்வி, ஆனால் இதுதான் நடுக்கேள்வி. எடுத்துக்காட்டுக்கு ஒரு டீ-ஷர்ட்டில் சுத்திகரிப்பு, முறையான ஓவர்டைம் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்தால் ஐந்து ரூபாய் கூடுகிறது என்று வைப்போம். விலைக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டில் நூல், சாயம், தையல், டிரிம்ஸ் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இந்த ஐந்து ரூபாய்க்குக் கட்டம் இருக்காது. பக்கத்து யூனிட் மூன்று ரூபாய் குறைத்துச் சொன்னால் ஆர்டர் அங்கே போய்விடும்.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 87 நாடுகளில் 1,454 சப்ளையர்களைக் கேட்டார்கள். 39 சதவீதம் பேர் உற்பத்திச் செலவுக்கே கட்டுபடியாகாத விலைக்கு ஆர்டர் எடுத்ததாகச் சொன்னார்கள். அடுத்த ஆர்டராவது கிடைக்கட்டும், மெஷின் சும்மா நிற்க வேண்டாம் என்று எடுப்பார்கள். அந்த நஷ்டம் கடைசியில் தொழிலாளிக்கு ஒரு பீஸுக்குத் தரும் கூலியில் (பீஸ் ரேட்) இறங்கும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பல பிராண்டுகள் தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தன. வங்கதேசத்தில் மட்டும் ரத்தான, நிறுத்திவைத்த ஆர்டர்கள் 300 கோடி டாலரைத் தாண்டியதாக அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. நிலைத்தன்மை அறிக்கை வெளியிட்டு விருது வாங்கிய பெயர்களும் அதில் உண்டு. வெளியே எழுந்த எதிர்ப்பால் பல நிறுவனங்கள் பிறகு பணம் தர ஒப்புக்கொண்டன. ஒரு கம்பெனியின் கொள்கையை நெருக்கடிக் காலத்து முடிவை வைத்து அளப்பதே சரி என்பது என் கருத்து.

ஆடிட் பாஸ் ஆகிவிட்டால் போதுமா?

போதாது. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நிலை சரியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்ஏ 8000 சான்றிதழ் தரப்பட்டிருந்தது. ராணா பிளாசாவில் இருந்த யூனிட்களிலும் ஆடிட் நடந்திருந்தது, கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்பது அந்த ஆடிட்டின் வரம்பிலேயே இல்லை.

ஆடிட் என்பது ஓரிரு நாள் பார்வை. பெரும்பாலும் முன்கூட்டியே தேதி தெரியும். பல இடங்களில் ஆடிட் கட்டணம் கட்டுவதும் ஆடிட் செய்யப்படும் யூனிட்தான். பையருக்குக் காட்ட ஒரு ரிஜிஸ்டர், உண்மைக்கு ஒன்று என்று வைப்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்குக் காரணம் வெறும் ஏமாற்று எண்ணம் மட்டுமில்லை. உண்மையான ஓவர்டைமைக் காட்டினால் ஆர்டர் போகும், காட்டாவிட்டால் பாஸ் ஆகும் என்ற ஏற்பாடு பொய்யைத்தான் வளர்க்கும். தப்பைத் தானே முன்வந்து சொல்லும் சப்ளையரைத் தண்டிக்காத பையர்களிடம் உண்மையான கணக்கு வருகிறது.

ஆர்கானிக் பருத்தி போன்ற சான்றிதழ்களை நம்பலாமா?

சான்றிதழ் தேவைதான், அதையே ஆதாரமாக நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2020இல் ஆர்கானிக் துணிக்குத் தரம் வகுக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பு, இந்தியாவில் போலிப் பரிவர்த்தனைச் சான்றுகளை வைத்து 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று காட்டப்பட்டதைக் கண்டுபிடித்தது. சரக்கோடு கூடவே காகிதம் ஓடுகிறது, காகிதத்தோடு சரக்கு ஓடுகிறதா என்பதுதான் சந்தேகம். நல்ல முறையில் விளைந்த பருத்திக்கான ‘பெட்டர் காட்டன்’ திட்டத்தில் நெடுங்காலம் இருந்தது அளவுக் கணக்கு மட்டும்: பிராண்ட் வாங்கிய அளவுக்கு எங்கோ நல்ல முறையில் விளைந்திருக்கும், ஆனால் உங்கள் கையில் உள்ள துணி அதுவாக இருக்க வேண்டியதில்லை. 2023இல்தான் தடம் பிடிக்கும் வசதி வந்தது. இதில் மோசடி ஒன்றுமில்லை, ஆனால் லேபிளைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

தையல் யூனிட் வரை பார்க்கிறார்கள். ஸ்பின்னிங் மில் வரை யார் போகிறார்கள்?

இங்கேதான் கண்ணி அறுகிறது. பிராண்டுக்கு ஒப்பந்தம் ஆடை ஏற்றுமதியாளரோடு மட்டும். நூல் எங்கே வாங்குவது என்பது பெரும்பாலும் அவர் பாடு. கொங்கு, திண்டுக்கல் பகுதி மில்களில் நடந்த சுமங்கலித் திட்டம் பல வருடம் வெளியே தெரியாமல் இருந்ததற்கு இதுவும் காரணம். ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்வார்கள். நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். அறிக்கைகள் வெளிவந்த பிறகே பிராண்டுகள் மில்வரை பார்க்கத் தொடங்கின. பையரே குறிப்பிட்ட மில்லில் நூல் வாங்கச் சொல்லும் நாமினேட்டட் மில் ஏற்பாட்டுக்கும் இது ஒரு காரணம்.

இந்தப் பகுதியில் எனக்கு நம்பிக்கை தந்தது 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். ஓர் ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதற்காக நின்றது. ஆலை நடத்திய ஏற்றுமதி நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் உருவாயின. அதில் ஆலையோடு நூற்பு மில்லும் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் ஆடிட்டரை மட்டும் நம்பாமல், தளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் துன்புறுத்தலைக் கண்காணித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் பிராண்ட் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது. ஆர்டரை வைத்திருப்பவரும் ஒப்பந்தத்துக்குள் வந்ததுதான் இதன் பலம்.

சப்ளையரிடம் கடுமையான தப்பு கண்டால் உடனே ஆர்டரை வெட்டிவிடுவது நல்லதுதானே?

எப்போதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் செய்த பொருளைத் தடை செய்யும் மசோதா அமெரிக்காவில் வந்ததும் வங்கதேச முதலாளிகள் பயந்துபோய் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை ஒரேயடியாக வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் கல் உடைக்கவும் அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனார்கள். அந்தப் பாடத்தில்தான் 1995இல் உற்பத்தியாளர் சங்கமும் யுனிசெஃப், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஆகியவையும் ஒப்பந்தம் செய்து, குழந்தைகளைப் பள்ளிக்கு மாற்றி உதவித்தொகையும் தந்தன.

இன்று பொறுப்பான நடைமுறை, கெடு வைத்துத் திருத்தச் சொல்லி, திருந்தும்வரை ஆர்டரோடு கூட நிற்பது. மறுத்தால் முன்னறிவிப்போடு விலகுவது. கட்டாய உழைப்பு போன்றவற்றை அரசே நடத்தும் இடங்களில் இது எடுபடாது, விலகுவதைத் தவிர வழியில்லை.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

தன் சப்ளை செயினில் நடக்கும் தீங்கைப் பெரிய நிறுவனமே கவனிக்க வேண்டும் என்ற சட்டத்தில் பிரான்ஸ் 2017இல் முதலில் வழி காட்டியது. ஜெர்மனியின் சட்டம் 2023இல் குறைந்தது 3,000 ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 ஊழியர் உள்ளவற்றுக்கும் வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் உலக விற்பனையில் 2 சதவீதம் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்து, அடுத்த வருடமே தள்ளிவைப்பும் தளர்த்தலும் தொடங்கியது. அமெரிக்கா 2022 ஜூன் முதல், சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த சரக்கு எதுவும் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கருதி நிறுத்துகிறது. இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. இந்தியாவில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களை 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரச் சொல்லியிருக்கிறது.

உங்கள் யூனிட்டுக்கு இவை எதுவும் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பையர் தன் கடமையை ஒரு ஃபார்மாக மாற்றி உங்களுக்கு அனுப்புவார். கையெழுத்திடும் முன் படியுங்கள். ‘எல்லாச் சட்டப் பொறுப்பும் சப்ளையருடையது’ என்ற வரி இருந்தால் அதைப் பற்றிப் பேசாமல் விடாதீர்கள்.

சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

கன்சல்டன்ட் வைத்து அறிக்கை எழுதுவதில் தொடங்காதீர்கள். முதலில் மூன்று மாதத்து மின்சார பில், தண்ணீர், விறகு, டீசல், ஓவர்டைம் மணி ஆகியவற்றை உள்ளபடி எழுதுங்கள். வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் எங்கெங்கே போகிறது என்று பட்டியல் போடுங்கள். துணி எந்தச் சாயப்பட்டறையில், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்பதுவரை இருக்கட்டும். எந்த பையர் கேட்டாலும் இந்தத் தாள்தான் அடிப்படை. கசியும் நீராவிக் குழாய், பழைய மோட்டார் போன்றவற்றில் போடும் பணம் தானே திரும்பி வரும், அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அப்புறம் பையரிடம் பேசுங்கள். தனியாகக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது, அதனால் சங்கம் வழியாகப் பல யூனிட் சேர்ந்து கேட்பதே நல்லது. காஸ்டிங் ஷீட்டில் சுத்திகரிப்புக்கும் கூலி உயர்வுக்கும் தனி வரி வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, ஆர்டரிலேயே அப்ரூவல் தரும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் தாமதித்தால் அத்தனை நாள் ஷிப்மென்டும் தள்ளிப்போகும் என்ற ஒரு வாக்கியம் கூடவே இருக்கட்டும். காசு செலவில்லாத கோரிக்கை இது, பல பையர்கள் ஒத்துக்கொள்வார்கள்.